தனித்தனியா பாஸ், சேர்த்தா ஃபெயில்: ஆம்பூர் ஏற்றுமதிப் பணம் மாட்டிக்கொள்ளும் இடம் எது?

ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்புத் தடுப்புச் சட்டம் மறுபடியும் தள்ளிப்போயிருக்கிறது. 2023ல் இயற்றப்பட்ட இந்தச் சட்டத்தின் கெடு முதலில் 2024 டிசம்பர் என்று இருந்தது. பிறகு ஓராண்டு தள்ளிவைத்தார்கள். 2025 டிசம்பரில் இன்னும் ஓராண்டு. இப்போது பெரிய, நடுத்தர நிறுவனங்களுக்கு 2026 டிசம்பர் 30, சிறு, குறு நிறுவனங்களுக்கு 2027 ஜூன் 30 என்று புதிய தேதி குறித்திருக்கிறார்கள்.

இந்த இரண்டாவது தள்ளிவைப்புக்குச் சொல்லப்பட்ட காரணம்தான் கவனிக்க வேண்டியது. ஐரோப்பிய ஆணையத்தின் சுற்றுச்சூழல் ஆணையர் ஜெசிகா ரோஸ்வால் 2025 செப்டம்பரில் சொன்னதன் சாரம் இது: ஆவணங்களைப் பதிவு செய்ய உருவாக்கிய கணினி அமைப்பு, வரப்போகும் சுமையைத் தாங்குமா என்பது சந்தேகம்.

சட்டம் ரெடி, நிறுவனங்கள் பாதி ரெடி, சாஃப்ட்வேர் ரெடி இல்லை.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று நீளும் தோல் தொழில் வட்டாரத்துக்கு இது எங்கேயோ நடக்கும் சமாச்சாரம் இல்லை. 2025 இறுதி நிலவரப்படி, அந்தச் சட்டத்தின் பட்டியலில் பச்சைத் தோலில் இருந்து ஃபினிஷ்டு லெதர் வரை மாட்டுத்தோல் இருக்கிறது. ரெடிமேட் ஷூ பட்டியலில் இல்லை. ஆனால் ஃபினிஷ்டு லெதரை நேரடியாக ஐரோப்பாவுக்கு அனுப்புகிற டேனரிகள் இங்கே நிறைய.

சாஃப்ட்வேர் சரியாக ஒட்டாததால் ஏற்றுமதியாளர்களின் பணம் நின்றுபோவதும் புதிதல்ல. 2017ல் அதை நாடே பார்த்தது.

2017ல் என்ன நடந்தது?

2017 ஜூலை 1ல் ஜிஎஸ்டி அமலுக்கு வந்தது. ஏற்றுமதிக்கு வரி கிடையாது என்பது கொள்கை. நடைமுறையில் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, உறுதிமொழிக் கடிதம் கொடுத்துவிட்டு வரி கட்டாமல் அனுப்புவது. இரண்டு, ஐஜிஎஸ்டி வரியைக் கட்டி அனுப்பிவிட்டு, அதை ரீஃபண்டாகத் திரும்பப் பெறுவது.

இரண்டாவது வழியில் ரீஃபண்டுக்குத் தனி விண்ணப்பமே வேண்டாம். சுங்கத்துறையில் போடும் ஷிப்பிங் பில்தான் விண்ணப்பம். மீதியைக் கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ளும். கேட்கவே நல்லா இருந்தது.

அந்தப் பேச்சு நடக்க வேண்டிய வரிசை இது:

• ஏற்றுமதியாளரோ அவருடைய ஆடிட்டரோ கணக்கு மென்பொருளில் இன்வாய்ஸ் போடுகிறார்.
• அதே இன்வாய்ஸ் விவரம் ஜிஎஸ்டிஎன் தளத்தில் ஜிஎஸ்டிஆர் 1 படிவத்துக்குப் போகிறது. வரி கட்டிய கணக்கு 3பி படிவத்தில் போகிறது.
• ஜிஎஸ்டிஎன் அந்த விவரத்தைச் சுங்கத்துறையின் கணினிக்கு அனுப்புகிறது.
• சுங்கத்துறைக் கணினி அதை ஷிப்பிங் பில்லோடும், சரக்கு கிளம்பியதற்கான ஏற்றுமதிப் பட்டியலோடும் ஒப்பிட்டுப் பார்க்கிறது.
• எல்லாம் பொருந்தினால், மத்திய அரசின் பணப் பட்டுவாடா அமைப்பான பிஎஃப்எம்எஸ் வழியாக வங்கிக் கணக்குக்குப் பணம் வருகிறது.

ஐந்து படி, நான்கு தனித்தனி அமைப்புகள். ஒவ்வொன்றும் தன் வேலையைத் தன் விதிப்படி சரியாகவே செய்தது. மாட்டிக்கொண்டது ஒரு படியில் இருந்து அடுத்த படிக்குப் போகும் இடத்தில்.

மிகப் பிரபலமான சிக்கலின் பெயர் 'எஸ்பி 005'. ஜிஎஸ்டி படிவத்தில் இருக்கும் இன்வாய்ஸ் எண்ணும், ஷிப்பிங் பில்லில் இருக்கும் இன்வாய்ஸ் எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால் இந்தப் பிழைக் குறியீடு வரும். பல ஏற்றுமதியாளர்கள் காலம் காலமாக இரண்டு இன்வாய்ஸ் வைத்திருந்தார்கள். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கும் சுங்கத்துறைக்கும் ஒன்று, உள்ளூர் வரிக் கணக்குக்கு இன்னொன்று. இரண்டுக்கும் வேறு வேறு வரிசை எண். அதுவரை அந்த இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க எந்தக் கணினியும் இல்லாததால், அது ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை.

இன்னொரு சிக்கல் 3பி படிவத்தில் வந்தது. ஏற்றுமதிக்கென்று தனிக் கட்டம் இருக்க, சிலர் உள்ளூர் விற்பனைக் கட்டத்தில் தொகையைப் போட்டுவிட்டார்கள். தொகை பொருந்தாததால் ஜிஎஸ்டிஎன் அந்த விவரத்தைச் சுங்கத்துறைக்கு அனுப்பவே இல்லை. சுங்கத்துறையில் போய்க் கேட்டால் 'எங்களுக்கு எதுவும் வரலையே' என்பார்கள். அதுவும் உண்மைதான்.

பணக் கணக்கில் பார்த்தால் வலி புரியும். அன்றைக்கு 500 ரூபாய்க்கு மேல் விலையுள்ள காலணிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். உதாரணத்துக்கு, 50 லட்சம் ரூபாய் சரக்கு அனுப்பிய ஒரு ஷூ யூனிட்டுக்கு 9 லட்சம் ரூபாய் முடங்கும். தோல் வாங்கக் காசு வேண்டும், வாரக் கூலி கொடுக்க வேண்டும், ஜாப் ஒர்க் பில் செட்டில் பண்ண வேண்டும். லாபம் குறைவாக ஓடும் சிறு யூனிட்டில் இந்த 9 லட்சம்தான் அடுத்த ஆர்டருக்கான முதல்.

2018 பிப்ரவரியில் மத்திய மறைமுக வரி வாரியம் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. எஸ்பி 005 சிக்கலில் மாட்டியவர்கள், எந்த ஜிஎஸ்டி இன்வாய்ஸ் எந்தச் சுங்க இன்வாய்ஸுக்குப் பொருந்தும் என்று ஓர் அட்டவணை தயாரித்துக் கொடுக்க வேண்டும். அதிகாரி அதைப் பார்த்துக் கணினியில் கையால் சரிசெய்வார். அந்த ஏற்பாடு பலமுறை நீட்டிக்கப்பட்டது. அதே மார்ச்சில் தேங்கிய ரீஃபண்டுகளைத் தீர்க்கச் சிறப்பு இருவாரம் அறிவிக்கப்பட்டது. மே மாத இறுதியில் இன்னொன்று.

இரண்டு கணினிகள் பேசிக்கொள்ள வேண்டிய இடத்தில், கடைசியில் காகித அட்டவணையும் மனிதர்களும் உட்கார வேண்டியிருந்தது. இதைத்தான் மென்பொருள் உலகம் 'இன்டக்ரேஷன்' சிக்கல் என்கிறது. அதை முன்கூட்டியே பிடிக்கும் சோதனைக்குப் பெயர் இன்டக்ரேஷன் டெஸ்ட்.

இன்டக்ரேஷன் டெஸ்ட் என்றால் என்ன?

ஷூ தெரிந்த ஊருக்கு இதை விளக்குவது சுலபம்.

ஒரு ஷூவில் அப்பர் ஒரு யூனிட்டில் தைக்கப்படும். சோல் வேறொரு இடத்திலிருந்து வரும். லைனிங், இன்சோல், நூல், பசை எல்லாம் தனித்தனி சப்ளையர். ஒவ்வொன்றுக்கும் தனிச் சோதனை உண்டு. தோல் எவ்வளவு இழுத்தால் கிழியும், சாயம் தேய்த்தால் வருகிறதா, சோல் எவ்வளவு தேயும் என்று பார்ப்பார்கள். மென்பொருளில் இதற்கு 'யூனிட் டெஸ்ட்' என்று பெயர். ஒரு சின்னப் பகுதியை மட்டும் தனியாக எடுத்துச் சோதிப்பது.

எல்லாப் பாகமும் பாஸ் ஆகிவிட்டது என்பதற்காக எந்த வாங்குபவரும் ஷூவை ஏற்றுக்கொள்வதில்லை. முழு ஷூவை எந்திரத்தில் மாட்டி ஆயிரக்கணக்கான முறை வளைத்துப் பார்ப்பார்கள். அப்பரையும் சோலையும் பிடித்து இழுத்து, பசை எவ்வளவு தாங்குகிறது என்று பார்ப்பார்கள். நல்ல தோல், நல்ல சோல், நல்ல பசை. ஆனால் அந்தத் தோலின் ஃபினிஷ் மேல் அந்தப் பசை ஒட்டவில்லை என்றால் ஷூ வாய் பிளக்கும். தப்பு எந்தப் பாகத்திலும் இல்லை. சேர்மானத்தில் இருக்கிறது.

டேனரிக்குள்ளேயே இதைவிட நல்ல உதாரணம் இருக்கிறது. குரோம் பதனிடலில் பயன்படுவது குரோமியம் 3. அது பரவாயில்லை. தோலை மிருதுவாக்க ஃபேட் லிக்கர் போடுவார்கள். அதுவும் பரவாயில்லை. ஆனால் சில வகை எண்ணெய்கள் வெயிலிலும் சூட்டிலும் ஆக்சிஜனேற்றம் அடையும்போது, தோலில் இருக்கும் குரோமியம் 3ல் கொஞ்சம் குரோமியம் 6 ஆக மாறிவிடலாம். அது நச்சு. தோல் பொருட்களில் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற ஐரோப்பிய விதி 2015 மே முதல் நடைமுறையில் இருக்கிறது.

இங்கே கெமிக்கல் டிரம்மை மட்டும் தனியாகச் சோதித்துப் பயனில்லை. அதனால்தான் சோதனைக்கு முன் தோலைச் சூட்டில் வைத்து 'வயசாக்கி', அதன் பிறகு அளந்து பார்க்கும் முறை வந்தது. எல்லாம் ஒன்று சேர்ந்து, காலமும் கடந்த பிறகு என்ன ஆகிறது என்று பார்க்கும் சோதனை. இன்டக்ரேஷன் டெஸ்டின் மனசாட்சி அதுதான்.

மென்பொருளில் இது இல்லாமல் போனால்?

2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கலாம். உலகம் முழுக்க விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஒரு சின்ன அப்டேட் சுமார் 85 லட்சம் கணினிகளைப் படுக்க வைத்தது.

நிறுவனமே பிறகு வெளியிட்ட விசாரணை அறிக்கையில் காரணம் எளிமையாக இருந்தது. ஒரு பகுதி 21 தகவல்களை எதிர்பார்த்தது. அதைக் கூப்பிடும் இன்னொரு பகுதி 20 தகவல்களை மட்டுமே கொடுத்தது. அதற்கு முந்தைய சோதனைகளில் 21வது இடத்தில் 'எதுவாக இருந்தாலும் சரி' என்ற குறி இருந்ததால், யாரும் அந்தக் கட்டத்தைத் திறந்து பார்க்கவில்லை. அன்றைக்கு முதன்முறையாக அந்த 21வது கட்டத்தில் உண்மையான மதிப்பு வந்தது. உள்ளே ஒன்றுமில்லை. சிஸ்டம் விழுந்தது.

சோதனைகள் இருந்தன, எல்லாமே பச்சை விளக்கு காட்டின. இரண்டு பகுதிகளும் நிஜமாகக் கைகுலுக்கும் இடத்தை மட்டும் சோதிக்காமல் விட்டுவிட்டார்கள்.

ஓப்பன் சோர்ஸில் ஏன் இது இன்னும் பெரிய தலைவலி?

கிரவுட்ஸ்ட்ரைக் ஒரு தனியார் நிறுவனம். விழுந்தால் கேள்வி கேட்க முகவரி உண்டு. ஆனால் இன்றைக்கு வங்கி, அரசுத் தளம், கணக்கு மென்பொருள் என்று எதன் அடித்தளத்தை எடுத்தாலும் அங்கே லினக்ஸ், போஸ்ட்கிரெஸ், ஓப்பன்எஸ்எஸ்எல், குபர்நெட்டீஸ் போன்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருட்கள் இருக்கும். யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், திருத்தலாம். காசு கொடுக்கத் தேவையில்லை. 2015ல் மத்திய அரசே ஓப்பன் சோர்ஸுக்கு முன்னுரிமை தரும் கொள்கையை வெளியிட்டது.

ஊருக்குப் பொதுக்கிணறு மாதிரி. தண்ணி எடுக்க எல்லாரும் வருவார்கள். தூர் வாரத்தான் ஆள் கிடைக்காது.

2014ல் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் 'ஹார்ட்பிளீட்' ஓட்டை வெளியே வந்தது. இணையத்தின் பெரும் பகுதி நம்பியிருந்த அந்த மென்பொருளுக்கு அதுவரை ஆண்டுக்குக் கிடைத்த நன்கொடை சுமார் 2,000 டாலர் மட்டுமே. ஓட்டை இரண்டு ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்தது.

புது வசதி சேர்த்தால் பெயர் கிடைக்கும். டெஸ்ட் எழுதினால் யாரும் கைதட்டுவதில்லை. அதிலும் யூனிட் டெஸ்ட் எழுத, தன் பகுதி மட்டும் தெரிந்தால் போதும். இன்டக்ரேஷன் டெஸ்ட் எழுத, பக்கத்து வீட்டு மென்பொருளும் தெரிய வேண்டும். இரண்டு திட்டங்களுக்கு நடுவில் இருக்கும் இடம் யாருடைய பொறுப்பு? 'எங்க பக்கம் சரியா இருக்கு' என்று இரண்டு பேருமே சொல்லலாம். சுங்கத்துறையும் ஜிஎஸ்டிஎன்னும் சொன்னது போலவே.

யாராவது இதைச் சரியாகச் செய்திருக்கிறார்களா?

செய்திருக்கிறார்கள். மூன்று உதாரணங்கள் போதும்.

முதலாவது டெபியன். சென்னையில் உள்ள சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸின் அடித்தளம் இதுதான். தமிழக அரசு கொடுத்த இலவச மடிக்கணினிகளில் பாஸ் லினக்ஸைப் பலர் பார்த்திருப்பார்கள். டெபியனில் பல்லாயிரம் மென்பொருள் தொகுப்புகள் இருக்கின்றன. ஒரு தொகுப்பின் புதிய பதிப்பு வந்தால் அதை மட்டும் சோதித்து விடுவதில்லை. அதை நம்பியிருக்கும் மற்ற தொகுப்புகளின் சோதனைகளையும் ஓட்டுவார்கள். புதுசு வந்ததால் பக்கத்தில் இருப்பது உடைந்தால், புதுசு அடுத்த கட்டத்துக்குப் போகாமல் வாசலிலேயே நிற்கும்.

இரண்டாவது போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள். 'பில்ட் ஃபார்ம்' என்ற ஏற்பாட்டில் உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் தங்கள் கணினியைக் கொடுக்கிறார்கள். விதவிதமான சிப், விதவிதமான இயங்குதளம். நிரலில் ஒரு மாற்றம் வந்தால் அந்தக் கணினிகள் எல்லாம் அதை எடுத்து ஓட்டிப் பார்த்து முடிவை அனுப்பும். நிரல் எழுதத் தெரியாதவர்கூடத் தன் பழைய கணினியைக் கொடுத்துப் பங்கேற்கலாம்.

மூன்றாவது உதாரணம் இந்தியாவில் வளர்ந்தது. பெங்களூரில் வேர் கொண்ட மாயாடேட்டா நிறுவனம் ஓப்பன்இபிஎஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் ஸ்டோரேஜ் மென்பொருளை வளர்த்தது. குபர்நெட்டீஸ் என்ற அமைப்போடு சேர்ந்து ஓடும் இந்த மென்பொருளின் வேலை, தரவைத் தொலைக்காமல் வைத்திருப்பது. தனியாகச் சோதித்தால் நன்றாகத்தான் ஓடும். நடுவில் ஒரு சர்வர் செத்தால், நெட்வொர்க் அறுந்தால் என்ன ஆகும்? அதைச் சோதிக்க ஆரம்பித்த கருவிதான் லிட்மஸ். வேண்டுமென்றே பாகங்களை உடைத்துப் பார்த்து, முழு அமைப்பும் எழுந்து நிற்கிறதா என்று பார்க்கும் சோதனை. அந்தக் கருவி தனித் திட்டமாக வளர்ந்து, 2020ல் சிஎன்சிஎஃப் என்ற சர்வதேச ஓப்பன் சோர்ஸ் அறக்கட்டளையின் குடைக்குள் போனது. டெஸ்ட் எழுதும் 'சின்ன வேலை' தனி அடையாளமாக மாறிய கதை அது.

ஒரு திட்டத்தில் இதை எப்படிச் சேர்ப்பார்கள்?

முதல் வேலை, ஒட்டும் இடங்களைப் பட்டியல் போடுவது. தரவுத்தளம், வெளி ஏபிஐ, கோப்பு வடிவம், நேர மண்டலம் என்று எங்கெல்லாம் ஒரு பகுதி இன்னொன்றை நம்புகிறதோ அங்கெல்லாம் குறி போட வேண்டும்.

இரண்டாவது, பொம்மையை எடுத்துவிட்டு நிஜத்தை வைப்பது. வேகத்துக்காகப் பல டெஸ்ட்களில் வெளி அமைப்புக்குப் பதிலாக ஒரு 'மாக்' வைத்திருப்பார்கள். கேட்டதற்கெல்லாம் சரி சொல்லும் பொம்மை அது. நிஜ அமைப்பு மாறியது பொம்மைக்குத் தெரியாது. அதற்குப் பதில் நிஜமான தரவுத்தளத்தையே ஒரு கன்டெய்னரில் தற்காலிகமாக எழுப்பி, சோதித்து, முடிந்ததும் கலைத்துவிடுவார்கள். வெளி ஏபிஐ என்றால் சாண்ட்பாக்ஸ் எனப்படும் ஒத்திகைத் தளத்தில் சோதிப்பார்கள். இ-இன்வாய்ஸுக்கு என்ஐசி அப்படி ஒரு ஒத்திகைத் தளம் வைத்திருக்கிறது.

மூன்றாவது, யார் மாற்றம் அனுப்பினாலும் தானாக ஓடும்படி வைப்பது. பச்சை விளக்கு வந்தால்தான் மாற்றம் உள்ளே போகும்.

இதற்குச் செலவு உண்டு. யூனிட் டெஸ்ட் நொடியில் முடியும். இன்டக்ரேஷன் டெஸ்ட் பல நிமிடம் பிடிக்கும், கிளவுட் பில் ஏறும். இன்னொரு தொல்லை, காரணமே இல்லாமல் ஒரு தடவை பாஸ், ஒரு தடவை ஃபெயில் ஆகும் டெஸ்ட்கள். தங்கள் டெஸ்ட்களில் ஏறக்குறைய 16 சதவீதத்துக்கு இந்தக் குணம் இருப்பதாகக் கூகுள் 2016ல் சொன்னது. அங்கேயே இந்தக் கதை என்றால் நாலு தன்னார்வலர்கள் நடத்தும் திட்டத்தில் கேட்கவே வேண்டாம். பொய் அலாரம் அடிக்கடி வந்தால், நிஜ அலாரத்தையும் யாரும் மதிக்க மாட்டார்கள். அதனால் ஆயிரம் டெஸ்ட் எழுதுவதைவிட, பணமும் தரவும் கைமாறும் பத்து இடங்களுக்கு நம்பகமான பத்து டெஸ்ட் எழுதுவது மேல்.

டெஸ்ட் இருந்திருந்தால் எஸ்பி 005 வந்திருக்காதா?

முழுசாகத் தவிர்த்திருக்க முடியாது. இரண்டு இன்வாய்ஸ் வைத்திருந்தது மனிதர்களின் பழக்கம். அது தெரியாமல் உட்கார்ந்து எழுதிய டெஸ்டில், இரண்டு பக்கமும் ஒரே எண்ணைப் போட்டுப் பச்சை விளக்கு வாங்கியிருப்பார்கள். தெரிந்ததைத்தான் டெஸ்ட் கேட்கும்.

ஆனால் நிஜ ஏற்றுமதியாளர்கள் நாலு பேரின் பழைய ஃபைல்களை வாங்கி, முதல் படியிலிருந்து வங்கிக் கணக்கு வரை ஓட்டிப் பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். எந்தத் தரவை வைத்து டெஸ்ட் செய்கிறோம் என்பதுதான் கேள்வி. அந்தத் தரவு ஆபீஸ் கம்ப்யூட்டரில் கிடைக்காது. ஆம்பூர் ஷிப்பிங் கிளர்க்கின் மேஜையில் இருக்கும்.

அடுத்த சோதனை எங்கே வரும்?

ஐரோப்பியச் சட்டத்துக்குத் திரும்புவோம். அதன்படி, தோல் வந்த மாடு வளர்ந்த இடத்தின் புவிக்குறியீட்டைக் கொடுக்க வேண்டும். அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டும் தசமத்துக்குப் பிறகு 6 இலக்கம். மாட்டின் சொந்தக்காரர், தரகர், மண்டி, டேனரி, ஏற்றுமதியாளர், ஐரோப்பிய இறக்குமதியாளர் என்று ஆறு கை மாறி அந்த எண் போக வேண்டும். ஒவ்வொரு கையிலும் ஒரு எக்செல் ஃபைலோ ஒரு ஆப்போ இருக்கும்.

இதில் என்ன தப்பு நடந்துவிடும்? ஒரு உதாரணம். ஆம்பூர் சுமாராக 12.79 வடக்கு, 78.72 கிழக்கு. பேச்சு வழக்கில் அட்சரேகையை முதலில் சொல்வோம். பல மேப் ஆப்களும் அப்படித்தான் காட்டும். ஆனால் ஐரோப்பியத் தளம் ஏற்கும் ஜியோஜேசன் கோப்பு வடிவத்தில் தீர்க்கரேகைதான் முதலில் வர வேண்டும். ஒரு மென்பொருள் எண்களை வரிசை மாற்றாமல் அனுப்பிவிட்டால், ஆம்பூர் மாடு 78.72 வடக்கு, 12.79 கிழக்கில் நிற்கும். அது ஆர்க்டிக்கில் நார்வேக்குச் சொந்தமான ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டம். பனிக்கரடி ஊர்.

அனுப்பிய மென்பொருள் தன் விதிப்படி சரி. வாங்கிய மென்பொருளும் சரி. நடுவில் சரக்கு நிற்கும். இதைப் பிடிக்கப் பத்து வரி டெஸ்ட் போதும்: ஆம்பூரின் புள்ளியை ஒரு முனையில் கொடு, மறுமுனையில் எந்த நாடு என்று கேள், இந்தியா என்று வராவிட்டால் சிவப்பு விளக்கு போடு.

உள்ளூரிலும் இதே நிலைமைதான். 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு என்று தொடங்கிய இ-இன்வாய்ஸ், 2023 ஆகஸ்ட் முதல் 5 கோடி ரூபாய்க்கு மேல் இருந்தாலே கட்டாயம் என்று இறங்கிவிட்டது. அதாவது நடுத்தரமான ஒரு அப்பர் யூனிட்டின் பில்லும் இப்போது நாலு கணினியைத் தாண்டிப் போகிறது.

யார் என்ன செய்யலாம்?

அரசு: ஜிஎஸ்டிஎன், சுங்கத்துறை போன்ற அமைப்புகளின் நிரல் பொதுவெளியில் இல்லை. அதைத் திறக்காவிட்டாலும், ஒட்டும் இடங்களுக்கான மாதிரிச் சோதனைகளைத் திறக்கலாம். 'இந்த இன்வாய்ஸை அனுப்பினால் இந்தப் பதில் வர வேண்டும்' என்று சில நூறு மாதிரிகள் போதும். இஆர்பிநெக்ஸ்ட் போன்ற ஓப்பன் சோர்ஸ் கணக்கு மென்பொருட்கள் அவற்றைத் தினமும் ஓட்டிப் பார்க்கலாம். விதி மாறும் நாளிலேயே எது உடைகிறது என்று தெரியும்.

தொழில் அமைப்புகள்: சென்னையில் தலைமையகம் உள்ள தோல் ஏற்றுமதிக் கவுன்சில் போன்றவை, உறுப்பினர்களின் பெயர், விலை விவரங்களை நீக்கிய உண்மையான ஆவண மாதிரிகளைத் திரட்டித் தரலாம். டெஸ்டுக்கு வேண்டிய உயிர் அதில்தான் இருக்கிறது. அதைத் திரட்டும் வேலையை பெங்களூர் இன்ஜினீயரால் செய்ய முடியாது.

நிறுவனங்கள்: புது மென்பொருள் விற்க வருபவரிடம் 'என்னென்ன வசதி இருக்கு' என்று மட்டும் கேட்காமல், 'சுங்கத் தளத்தோட எப்ப கடைசியா சேர்த்து டெஸ்ட் பண்ணீங்க, ரிசல்ட் காட்டுங்க' என்று கேட்கலாம். தோல் வாங்கும்போது டெஸ்ட் ரிப்போர்ட் கேட்கிற ஊர் இது. சாஃப்ட்வேருக்கும் அதே கேள்விதான்.

இளைஞர்கள்: ஓப்பன் சோர்ஸில் நுழைய வழி தேடும் மாணவர்கள் வேலூர் வட்டாரத்தில் நிறையப் பேர். புது வசதி எழுதித்தான் உள்ளே போக வேண்டும் என்றில்லை. விடுபட்டுப் போன ஒரு இன்டக்ரேஷன் டெஸ்டை எழுதி அனுப்பினால் பெரும்பாலான திட்டங்கள் சந்தோஷமாக ஏற்கும். விழுப்புரம், காஞ்சிபுரத்தில் இயங்கும் லினக்ஸ் பயனர் குழுக்கள் தமிழிலேயே வழிகாட்டுகின்றன. இந்த மாணவர்களில் சிலரது வீட்டிலேயே ஷிப்பிங் பில் போடுகிறவர் இருப்பார். எஸ்பி 005 என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். அந்த அறிவு நிரலாக மாறினால் அதன் மதிப்பே வேறு.

காசு? ஜெரோதா நிறுவனம் 2024ல் ஓப்பன் சோர்ஸ் திட்டங்களுக்காக ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் நிதி அறிவித்தது. ஜெர்மனி அரசு 2022 முதல் இதற்கெனத் தனி நிதி நடத்துகிறது. அப்படியொரு சின்ன நிதியைத் தமிழ்நாடும் ஒதுக்கி, ஏற்றுமதித் தொழில்கள் நம்பியிருக்கும் பொது மென்பொருட்களின் சோதனைக்கு மட்டும் செலவிட்டால் போதும்.

ஐரோப்பிய ஒன்றியம் தள்ளிவைத்ததால் கையில் இப்போது கொஞ்சம் கால அவகாசம் இருக்கிறது. 2017ல் ஜூலை 1க்கு முன் அது கிடைக்கவில்லை. சரக்கு கப்பல் ஏறிய பிறகு தெரியவரும் பிழைக்கு விலை ஏற்றுமதியாளரின் 9 லட்சம். அதே பிழை ஒத்திகைத் தளத்தில் தெரியவந்தால், யாரோ ஒரு மாணவரின் ஒரு மாலை நேரம்.